புல்வெளியா, தரிசா? மலைச்சரிவின் வரலாற்றைப் படிக்கத் தொடங்குவோருக்கு

ஊட்டியிலிருந்து பைக்காரா வழியாகக் கூடலூர் போகும் சாலையில், ஒன்பதாவது மைல் பக்கம் இறங்கி நின்று பாருங்கள். சினிமாப் பாட்டுகளில் பார்த்துப் பழகிய புல்மேடு தெரியும். மேடும் மேடும் சேரும் மடிப்புகளில், கரும்பச்சையில் கம்பளி சுருட்டி வைத்தாற்போல் குட்டையான காடு இருக்கும், அது சோலை. சற்றுத் தள்ளி, நேர்க்கோட்டில் தொடங்கி நேர்க்கோட்டில் முடியும் உயரமான மரங்கள் நிற்கும். அவை கற்பூர மரமும் சீகையும், அதாவது யூக்கலிப்டஸும் வாட்டிலும்.

சுற்றுலா வந்தவருக்கு இது மொத்தமும் 'இயற்கை'. தாவரவியலாளருக்கு மூன்று வகைத் தாவரக் கூட்டம். இவை ஏன் இப்படிப் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன, எதை யார் நட்டார், எதை யார் எரித்தார், எந்த இடத்துக்கு யார் என்ன பெயர் வைத்தார் என்று கேட்பது இன்னொரு படிப்பு. மனிதருக்கும் இயற்கைக்கும் உள்ள உறவை வரலாறு, மொழி, இலக்கியம், இனவரைவியல், சட்ட ஆவணம் ஆகியவற்றின் வழியே ஆராய்கிற கலைப்புலத் துறை அது. சூழலியல் வரலாறு அதன் ஒரு கிளை. ஆய்வகம் தேவையில்லை என்பதால் சுலபம் என்று நினைத்து வருபவர்கள் உண்டு. தவறு செய்தால் காட்டிக்கொடுக்கக் கருவி எதுவும் இல்லை என்பதே இதில் உள்ள சிரமம்.

தமிழில் படித்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில் முதலியவற்றைக் கருப்பொருள் என்கிறது. மனித ஒழுக்கத்தை உரிப்பொருள் என்கிறது. நிலத்தையும் அதில் வாழ்பவரின் தொழிலையும் உணர்வையும் ஒரே சட்டகத்துக்குள் வைத்த சிந்தனை அது. ஆனால் அதைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே மலையேறிவிடக் கூடாது. திணை என்பது செய்யுள் மரபு. களக் கையேடு இல்லை. நீலகிரியின் மேட்டுப் புல்வெளியில் எருமை மேய்க்கும் தோடரை எந்தத் திணையில் வைப்பீர்கள்? நிலம் குறிஞ்சி, தொழில் முல்லை. சட்டகம் பொருந்தாமல் முழிக்கும் இடத்தில்தான் ஆய்வுக்குரிய கேள்வி பிறக்கிறது.

குறிஞ்சிப் பூவும் அப்படியே. குறுந்தொகையின் மூன்றாம் பாட்டில் 'கருங்கோற் குறிஞ்சி' வருகிறது. அதன் பூவிலிருந்து தேனீ பெருந்தேன் இழைக்கிறது. கரிய தண்டும் தேனும் பார்த்து எழுதியவரின் கண்ணைக் காட்டும் விவரங்கள். ஆனாலும் அது 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் இன்றைய நீலக்குறிஞ்சிதான் என்று ஒரே வரியில் முடிவு கட்ட முடியாது. குறிஞ்சியில் பல இனங்கள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் சுற்று வேறு. பாட்டு ஒரு சான்று. அதைப் பக்கத்துச் சான்றோடு உரசிப் பார்க்க வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருவோம். நீலகிரியில் இந்தப் படிப்பைத் தொடங்க ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்வது நல்லது: தரிசு.

வருவாய்த் துறைப் பதிவேடுகளில் நிலத்துக்கு வகைப்பாடு உண்டு. நன்செய், புன்செய், தீர்வை (நிலவரி) ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு, புறம்போக்கு என்று போகும். உழுது வரி கட்டினால் அந்த நிலத்துக்கு ஒரு மதிப்பு. உழாமல் கிடந்தால் தரிசு. ஏரும் பயிரும் சார்ந்த சமவெளிக் கணக்கு இது. அதை மலைமேல் ஏற்றியதும் புல்வெளிகள் 'ஒன்றும் விளையாத இடம்' ஆகிவிட்டன. தோடருக்கு அதே இடம் எருமையின் மேய்ச்சல், கோயில் எருமை நடக்கும் வழி, பாட்டில் பெயர் சொல்லப்படும் மேடு.

அத்துடன் இன்னொரு எண்ணமும் சேர்ந்துகொண்டது. இங்கே ஆதியில் முழுக்கக் காடுதான் இருந்தது, மலைவாசிகள் தீ வைத்ததால் புல்லாகிவிட்டது, ஆகவே மரம் நடுவது பழையதை மீட்பதே என்றார்கள். ஆஸ்திரேலியச் சீகை வகைகள் 1830-களிலும், கற்பூர மரம் 1843-இலும் வந்து சேர்ந்தன. கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819-இல் மலையேறி, 1820-களில் ஊட்டியில் வீடும் ஏரியும் அமைத்த பின் குடியேற்றம் பெருகியது; வெலிங்டனில் படைமுகாம் வந்தது. குளிருக்கும் சமையலுக்கும் விறகு தேவைப்பட்டது. சோலைகளை வெட்டிச் சமாளிக்க முடியாதபோது, வேகமாக வளரும் மரத்தைத் 'தரிசில்' நட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு காரணம் மாறியது. தோல் பதனிடச் சீகைப் பட்டையும், செயற்கைப் பட்டு ஆலைக்கு மரக்கூழும் வேண்டியிருந்தன. காரணம் மாறினாலும் நட்ட இடம் மாறவில்லை.

ஆதியில் முழுக்கக் காடு என்ற அந்த எண்ணம் தவறு என்று காட்டியது மண். மேட்டுப் பள்ளங்களில் உள்ள சதுப்புகளில் செடிகொடி மக்கி அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது. மரங்களும் வெப்பமண்டலப் புற்களும் காற்றிலிருந்து கார்பனை எடுக்கும் முறை வேறு வேறு. அதனால் மக்கிய மண்ணில் கார்பனின் சற்றே கனமான வகையான கார்பன்-13-இன் விகிதமும் வேறுபடும். நீலகிரிச் சதுப்பு மண்ணை இப்படி அளந்த இந்திய ஆய்வாளர்களின் முடிவு 1993-இல் வெளியானது. சுமார் 20,000 ஆண்டுகளில் தட்பவெப்பம் மாற மாற, மரமும் புல்லும் ஒன்றை ஒன்று தள்ளி முன்னும் பின்னும் நகர்ந்திருக்கின்றன. வேளாண்மை வருவதற்கு வெகு காலம் முன்பே இங்கே புல்வெளி இருந்தது. மார்கழி, தை மாத உறைபனி திறந்த வெளியில் முளைக்கும் சோலைக் கன்றுகளைக் கருக்கிவிடும் என்பதும் சேர்ந்துகொள்கிறது. அந்தப் பனியையும் தீயையும் தாங்கிப் புல்லுக்கு நடுவே நிற்பது, செந்நிறப் பூப்பூக்கும் காட்டுப் பூவரசு எனப்படும் ரோடோடென்ட்ரான் போன்ற மிகச் சில மரங்களே.

புல் இருந்தது என்று மண் சொல்லும். அதில் யார் மேய்த்தார், எப்போது தீ வைத்தார், ஏன் வைத்தார் என்று சொல்லாது. அதற்கு வேறு நான்கு இடங்களில் தேட வேண்டும்: பெயர், தாள், வாய், மரம். ஒன்று சொல்வதை மற்றொன்று ஒத்துக்கொள்கிறதா என்று பார்ப்பதுதான் மொத்த வித்தையும்.

முதலில் எல்லையைச் சுருக்குங்கள். 'நீலகிரியின் சூழலியல் வரலாறு' என்று தலைப்பு வைத்தால் பத்தாண்டு ஆனாலும் முடியாது. ஒரு சரிவு, அதன் ஓடை, அதை ஒட்டிய ஓர் ஊர்; ஒரு சதுர கிலோமீட்டர் போதும். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தில் அது வெறும் 2 செ.மீ.க்கு 2 செ.மீ. கட்டம். அந்தக் கட்டத்தைப் பெரிதாக்கி வரைந்து, வெறும் எல்லைக்கோடும் ஓடையும் மட்டும் உள்ள படமாகப் பல நகல் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சான்றுக்கும் ஒரு நகல்.

பெயர்களில் தொடங்குவது வசதி. மந்து என்று முடிந்தால் தோடர் குடியிருப்பு, ஹட்டி அல்லது அட்டி என்று முடிந்தால் படுகர் ஊர், கோக்கால் என்றால் கோத்தர் ஊர். பெட்டா என்பது மலை. தொட்டபெட்டா, பெரிய மலை, 2,637 மீட்டர். ஒசஹட்டி என்றால் புது ஊர். அப்படியானால் பழைய ஊர் எது, ஏன் பிரிந்தார்கள் என்று உடனே கேட்க வேண்டும். நிலப்பகிர்வா, நோயா, தண்ணீரா, சண்டையா என்ற விவரம் பெரும்பாலும் ஊர்க்காரர்களின் நினைவில் இருக்கும்.

பெயரில் வழுக்கும் இடமும் உண்டு. கோத்தகிரி என்றதும் 'கிரி என்றால் மலை' என்று எழுதிவிடுவார்கள். அது கோத்தர் கேரி. கேரி என்றால் தெரு, குடியிருப்பு. எழுதுகிறவர் காதில் விழுந்ததைத் தனக்குத் தெரிந்த வடசொல்லாக மாற்றிக்கொண்டார். உதகமண்டலமும் இதே ரகம். 'உதகம் என்றால் நீர்' என்று அழகாகப் பொருள் சொல்லலாம், ஆனால் கடைசியில் ஒளிந்திருப்பது மந்து. அழகாகப் பொருந்துகிற பெயர் விளக்கத்தை ஒரு படி கூடுதலாகவே சந்தேகப்படுங்கள். ஒரே மேட்டுக்குத் தோடர் ஒரு பெயரும் படுகர் ஒரு பெயரும் வனத்துறை ஒரு பெயரும் வைத்திருப்பது இங்கே சகஜம். மூன்றையும் எழுதுங்கள்; எது 'சரி' என்று தீர்ப்புச் சொல்லும் வேலை உங்களுடையதில்லை.

மொழியியலாளர் எமனோ 1930-களில் இங்கே தங்கித் தோடர் பாடல்களைத் திரட்டினார். 1971-இல் அவை நூலாக வந்தன. அந்தப் பாடல்களில் மேடுகளும் எருமைகளும் நீர்நிலைகளும் தத்தம் பெயரோடு திரும்பத் திரும்ப வருகின்றன. பதிவேட்டில் ஒரே சொல்லாக, 'தரிசு' என்று அடைபட்ட இடம், பாட்டில் அடிக்கு அடி பெயருள்ள இடமாக இருக்கிறது. இந்த இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதைவிட நல்ல முதல் பாடம் இந்தத் துறையில் கிடைக்காது.

அடுத்து தாள். கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேடும் புல வரைபடமும் பாருங்கள். சர்வே எண்ணுக்கு எதிரே என்ன வகைப்பாடு என்று குறியுங்கள். மேய்க்கால் புறம்போக்கு என்று எங்காவது இருந்தால் சிவப்பு மையில் வட்டமிடுங்கள், ஏனென்றால் மேய்ச்சலை அரசே ஒப்புக்கொண்ட அபூர்வ இடம் அது. பழைய தாள்களுக்கு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். கிரிக் 1880-இல் எழுதிய மாவட்டக் கையேடும், பிரான்சிஸ் 1908-இல் எழுதிய கெசட்டியரும் அச்சில் உள்ளவை, தொடக்கத்துக்குப் போதும்.

இவற்றைவிட ருசியான ஆவணம் ஒன்று உண்டு. 1882 சென்னை வனச் சட்டப்படி ஓர் இடத்தைக் காப்புக்காடாக்க முதலில் 4-ஆம் பிரிவில் அறிவிப்பு வரும். 16-ஆம் பிரிவில் முடிவாகும். இடையில் வனத் தீர்வு அலுவலர் ஆட்சேபனைகளைக் கேட்பார். 'இந்த வழி எங்களுடையது', 'இங்கே எங்கள் மாடு மேயும்', 'அந்த ஓடைத் தண்ணீர் எங்கள் ஊருக்கு' என்று மக்கள் சொன்னது அந்தக் கோப்பில் இருக்கும். எழுத்தில் இல்லாதவர்களின் குரல் எழுத்தில் ஏறிய இடம் அது. கோரிக்கை தள்ளுபடியாகியிருந்தாலும் பரவாயில்லை, உங்களுக்கு வேண்டியது அந்த வாக்கியம்தான். கோப்பில் பெயர் இல்லாதவர் அங்கே இல்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். அறிவிப்பைப் படிக்கவும், நாள் பார்த்து அலுவலர் முன்னால் போய் நிற்கவும் முடிந்தவர்களே பதிவாகியிருக்கிறார்கள். குறும்பரும் இருளரும் தாள்களில் குறைவாக வருவதற்கு இது ஒரு காரணம். வெள்ளைக்கார எழுத்தாளர்களுக்குத் தோடர்மேல் இருந்த மோகம் இன்னொரு காரணம். அலமாரி நிறையத் தோடர் பற்றிய புத்தகம், பக்கத்து மலைக்காரர் பற்றி நாலு பக்கம்.

மரத்தைப் படிப்பதில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். கற்பூர மரம் வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து திரும்பத் துளிர்க்கும். மெலிந்த நாலு தண்டைப் பார்த்து 'பத்து வருஷத்து மரம்' என்று எழுதுவீர்கள். குனிந்து பார்த்தால் அடியில் அண்டா அகலத்துக்குப் பழைய கட்டை இருக்கும். தண்டின் வயது வேறு, நட்ட காலம் வேறு. ஆகவே சுற்றளவை நெஞ்சு உயரத்தில் மட்டும் அளக்காமல், அடிக்கட்டையிலும் அளந்து, ஒரு கட்டைக்கு எத்தனை தண்டு என்பதையும் குறிக்க வேண்டும். நம் பக்கத்து மரங்களில் ஆண்டு வளையத்தை எண்ணி வயது சொல்வதும் பொதுவாக நம்பத்தக்கதல்ல.

சீகை இதற்கு நேர்மாறாக ஏமாற்றும். அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டு உயிரோடு கிடக்கும். மேலே தீ ஓடினால் மொத்தமாக முளைக்கும். எனவே சீகை நிற்கிற இடமெல்லாம் யாரோ நட்ட இடம் என்று கொள்ளக் கூடாது. வரிசை பாருங்கள். மரங்கள் சம இடைவெளியில், நேர்க்கோட்டில் இருந்தால் நட்டது. கொசகொசவென்று பல வயதில், ஓடையோரமும் சாலையோரமும் இறங்கியிருந்தால் தானாகப் பரவியது. வெட்டி, குப்பையை எரித்துவிட்டு 'புல்வெளியை மீட்டோம்' என்று போனவர்கள், அடுத்த மழையில் கன்றுகள் பாய் விரித்தாற்போல் எழுவதைப் பார்த்திருக்கிறார்கள். பழனி மலையில் வேறொரு விசித்திரம்: பழைய சீகைத் தோப்புகளின் நிழலில் சோலை மரக் கன்றுகள் முளைத்து வளர்வது பதிவாகியிருக்கிறது. அந்நிய மரம் என்றால் வில்லன் என்று கதை எழுதுகிறவர்கள் ஒருமுறை கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானல் பக்கம் போய்வரலாம்.

பழைய புகைப்படம் அல்லது தபால் அட்டை கிடைத்தால் விடாதீர்கள். படம் எடுத்த அதே இடத்தில் நின்று மறுபடி எடுக்க வேண்டும். கட்டடத்தையும் மரத்தையும் நம்பித் தேடினால் கிடைக்காது, அவை மாறிவிட்டன. மாறாதது மலைமுகடு. படத்தில் முன் முகடும் பின் முகடும் ஒன்றையொன்று வெட்டும் புள்ளிகள் இரண்டைக் குறித்துக்கொள்ளுங்கள், ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம். நீங்கள் பத்தடி நகர்ந்தாலும் கிட்டத்து முகடு தூரத்து முகட்டின்மேல் நகரும். இரண்டு புள்ளிகளும் படத்தில் உள்ளபடியே சேரும்வரை நடந்தால், பழைய காமிரா நின்ற இடத்துக்கு வந்துவிடுவீர்கள். சாதாரணமாக அந்த இடத்தில் இப்போது சீகை அடர்ந்து பார்வையை மறைத்திருக்கும். அதுவும் ஒரு முடிவுதான், எழுதிக்கொள்ளுங்கள்.

வாய்மொழிக்கு வருவோம். 'எந்த வருஷம்?' என்று கேட்டால் கேட்டவரைத் திருப்திப்படுத்த ஒரு வருஷம் வரும். அதற்குப் பதில் ஊரே அறிந்த நிகழ்ச்சியில் கட்டிக் கேளுங்கள். குந்தா அணை வேலைக்கு முன்பா பின்பா? 1978, 1979 மண்சரிவுகள்? 2009 நவம்பர் மண்சரிவு? குறிஞ்சி இன்னும் நல்ல கடிகாரம். 1970, 1982, 1994, 2006, 2018 என்று பூத்திருக்கிறது. 'அய்யா, இந்த மேட்டுல நீங்க எத்தனை குறிஞ்சி பாத்திருக்கீங்க? கடைசியா பூத்தப்ப இங்க சீகை இருந்துச்சா?' என்று கேட்டால், 'போன குறிஞ்சிக்கு இங்க பூவே இல்ல, அதுக்கு முந்தினதுக்கு மேடு பூரா நீலம்' என்று பதில் வரக்கூடும். 2006-க்கும் 2018-க்கும் நடுவே அந்தச் சரிவு மூடிவிட்டது என்று பென்சிலால் எழுதலாம். மையால் எழுத, அதே கேள்வியை வேறு வீட்டில், வேறு ஊர்க்காரரிடம் கேட்ட பிறகு. அவர் சொல்வது எந்தக் குறிஞ்சி என்பதையும் செடியைக் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கங்கே சுற்றுத் தப்பிப் பூக்கிற திட்டுகளும் உண்டு.

உட்கார்ந்து பேசுவதைவிட நடந்து பேசுவது பல மடங்கு மேல். வீட்டுத் திண்ணையில் 'அந்தக் காலத்துல எல்லாம் நல்லா இருந்துச்சு' என்று முடித்தவரே, ஓடைக்கரைக்குப் போனதும் 'இந்தப் பள்ளத்துலதான் கோயில் கூரைக்குப் புல் அறுப்போம்' என்பார். இது நுணுகிப் பார்க்க வேண்டிய விஷயம். தோடர் கோயிலின் கூரைக்கு மேட்டுப் புல் எதுவும் ஆகாது. சதுப்பில் மட்டும் வளரும் ஒருவகைப் புல் வேண்டும். தாவரவியலில் அதன் பெயர் எரியோகிரைசிஸ் ரங்காச்சாரியி, நீலகிரிக்கே உரிய இனம். சதுப்பைச் சுற்றிக் கற்பூர மரம் வைத்தாலோ, பள்ளத்தை வடித்துக் காரட் போட்டாலோ, அணைநீர் ஏறினாலோ அந்தப் புல் போகும். கூரை மாற்ற வேண்டிய காலம் வரும்போது பல மைல் நடக்க வேண்டியிருக்கும். புல் குறைந்தது என்பது தாவரவியல் செய்தி. கோயில் வேலை தள்ளிப்போகிறது என்பது சமூகச் செய்தி. இரண்டும் ஒரே செய்தி என்று நிரூபிப்பதற்குத்தான் இவ்வளவு அலைச்சலும்.

தேயிலைச் சரிவைப் படிக்கும்போது இன்னொரு கவனம் தேவை. சோலை போனது, தேயிலை வந்தது என்று எழுதி நிறுத்திவிடுவது வழக்கம். 1964-இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி அங்கிருந்து திரும்பிய மலையகத் தமிழருக்கு வேலை தர அரசு இங்கே தேயிலைத் தோட்டங்கள் போட்டது. அந்தச் சரிவுக்கு அவர்களும் பெயர் வைத்திருக்கிறார்கள், கோயில் கட்டியிருக்கிறார்கள். காடு இழந்த கதையும் வீடு தேடிய கதையும் ஒரே சர்வே எண்ணில் கிடக்கின்றன. ஒன்றை விட்டு ஒன்றை எழுதினால் பாதிதான் எழுதினீர்கள்.

நடைமுறை சில. மேற்கே குந்தா, அவலாஞ்சிப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை கொட்டும். கிழக்கே கோத்தகிரி, குன்னூரில் ஐப்பசி, கார்த்திகை மழை. களவேலைக்கு ஜனவரி முதல் மார்ச் வரை தோது. காப்புக்காட்டுக்குள்ளும் முக்குருத்தி தேசியப் பூங்காவுக்குள்ளும் வனத்துறை அனுமதியில்லாமல் கால் வைக்கக் கூடாது. அனுமதிக்கு மாதக்கணக்கில் ஆகும் என்று வைத்துத் திட்டமிடுங்கள். தோடர் கோயிலைச் சுற்றியுள்ள கல்வரம்பைத் தாண்டாதீர்கள், கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். குறும்பர், இருளர் தேனெடுக்கும் பாறைகளின் இடத்தை வரைபடத்தில் புள்ளி வைத்து வெளியிடுவது, அவர்கள் வயிற்றில் அடிப்பது. அந்தப் படத்தை அவர்களிடமே கொடுங்கள். 2006 வன உரிமைச் சட்டத்தின்கீழ் சமூக உரிமை கோரும்போது அவர்களுக்கு அது உதவும்.

பெயர்களை எழுத்தில் மட்டும் வைக்காமல் ஒலியாகவும் பதிவு செய்ய வேண்டும். தோடர் மொழிக்குத் தனி எழுத்தில்லை. அதன் பல ஒலிகளுக்குத் தமிழ் எழுத்துப் போதாது. வேலை முடிந்ததும் உங்கள் பெயர்ப்பட்டியலை, சொன்னவரிடமே உரக்க வாசித்துக் காட்டுங்கள். பாதியைத் திருத்துவார், இரண்டைக் கேட்டுச் சிரிப்பார். எந்த இரண்டு, ஏன் சிரித்தார் என்பதையும் அதே பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.